தாழையூர்த் தொகுதியின் ஓட்டுகள் வீடு திரும்பிய வருஷம்

தாழையூர் நாடாளுமன்றத் தொகுதி அறுபத்திரண்டில் பிறந்தது, இரண்டாயிரத்து ஒன்பதில் செத்தது, நாற்பத்தேழெல்லாம் சாகிற வயசா என்று மூக்கைச் சிந்தியவர்கள்கூட அது உயிரோடு இருந்தபோது அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதன் முதல் எம்.பி. ஐந்து வருஷமும் சபையில் வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசி நாளில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், குளிராக இருக்கிறது, அந்த ஜன்னலைச் சாத்தலாமா என்று. அடுத்து வந்தவர் ரயில் கொண்டுவருகிறேன் என்றார், அதற்கடுத்து வந்தவரும் ரயில் கொண்டுவருகிறேன் என்றார், அளவுக்கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போனார்கள், அந்தக் கல்லில் ஊர்க்காரர்கள் காலகாலமாக ஆடு கட்டினார்கள். குடைச் சின்னம் ஏழு தடவை ஜெயித்தது, மண்வெட்டிச் சின்னம் ஐந்து தடவை ஜெயித்தது, பன்னிரண்டு தடவையும் ஊர் இரண்டுபட்டுக் கூத்தாடிகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பிறகு தேசம் முழுக்கத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது, வாரிசில்லாத வீட்டுச் சொத்தைப் போலத் தாழையூரை மூன்று துண்டாக்கிப் பக்கத்துத் தொகுதிகள் மூன்றுக்கும் பங்கு வைத்துவிட்டார்கள்.

பழைய சபை கலைந்து தொகுதிக்கு மூச்சு நின்றதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், அந்தத் தொகுதியில் அதுநாள்வரை போடப்பட்ட ஓட்டெல்லாம் போட்ட கைகளைத் தேடி வீட்டுக்கு வரத் தொடங்கின. அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீட்டுகள் முதலில் வந்தன, நாலு நாள் கழித்து அறுபத்தேழாம் வருஷத்துச் சீட்டுகள் வந்தன, இப்படி முறை தவறாமல், வரிசை பிசகாமல், மடித்த மடிப்புக் கலையாமல், முத்திரை மையின் வாசனையோடு அரிசிப் பானையிலும் தலையணை உறைக்குள்ளும் காயப்போட்ட வேட்டியின் கொசுவத்திலும் கிடந்தன. சிங்கப்பூருக்குப் போய்விட்டவர்களின் சீட்டு சிங்கப்பூருக்கே போய் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியில் கொத்தமல்லிக் கட்டுக்குள் இருந்தது. செத்தவர்களின் சீட்டு இடுகாட்டு எருக்கஞ்செடிகளில் தொங்கியது, ஆடுகள் தின்றன. கடைசித் தேர்தல் மட்டும் மெஷினில் நடந்ததால் அந்த ஓட்டு சீட்டாக வரவில்லை, ஒரு நாள் விடியலில் ஊரே சேர்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருத்தர் விரலிலிருந்தும் நீளமாகப் 'பீ' என்று ஒரு சத்தமாக வந்து போய்விட்டது.

யாரும் மிரளவில்லை. கொடுத்தது திரும்பி வருவது உலகத்தில் இல்லாததா என்றார்கள். டீக்கடையில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு தங்கள் இளமைக் காலத்து முட்டாள்தனத்தை எண்ணிச் சிரித்தார்கள். நாற்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே சின்னத்துக்குத்தான் குத்தியிருக்கிறோம் என்று தெரிந்து, அதற்கு வெட்கப்பட்டு, மறுபடியும் பேசாமல் இருந்தார்கள். பிச்சைக்கண்ணு என்கிற ஒருத்தன் வீட்டுக்கு மட்டும் முந்நூற்று நாற்பது சீட்டு வந்தது, ஊர்க்காரர்கள் பெயரிலெல்லாம் கள்ள ஓட்டுக் குத்திய கை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அவன் பெண்டாட்டி அவற்றைச் சாக்கில் அள்ளித் தைத்துப் பரண்மேல் போட்டுவிட்டு அவனை மாட்டுக் கொட்டகையில் படுக்கச் சொன்னாள். தாசில்தார் ஜீப்பில் வந்து சீட்டுகளைக் கைப்பற்றப் பார்த்தார். ஆனால் அவையெல்லாம் அந்தந்த வருஷமே எரிக்கப்பட்டுவிட்டதாகச் சர்க்கார் காகிதமே சொன்னது, எரிந்துபோனதைக் கைப்பற்றினேன் என்று எப்படி எழுதுவது என்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார். பக்கத்துத் தொகுதிக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. நாங்களும்தானே குத்தினோம், எங்களுடையது எங்கே என்று வேன் பிடித்து வந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

சீட்டு வந்ததில் மற்ற எல்லோரையும்விடப் பூரித்துப்போனவர் மாசிலாமணிதான். அறுபத்தெட்டு வயசு. மண்வெட்டிக் கட்சிக்குச் சுவர் எழுதியவர், பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர், ஓட்டு எண்ணுகிற இடத்தில் மேஜைக்கு மேஜை நின்று 'இது செல்லாது, தள்ளு' என்று தொண்டை கிழியக் கத்தியவர். அவருக்குப் பதினோரு சீட்டு வந்தது, பதினொன்றும் மண்வெட்டி, பதினொன்றிலும் முத்திரை கட்டத்துக்கு நடுவில் பொட்டு வைத்தது போல இருந்தது. அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய்க் காட்டினார். "என்னைப் பாத்துக் கத்துக்கோங்கய்யா. ஒரு புருஷனுக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு மனுஷனுக்கு ஒரு சின்னம்" என்றார்.

பேரூராட்சித் தலைவி மரகதம் விவரமான பெண். ஊர் இருக்கிற இருப்பைப் பார்த்து அவள் ஓர் ஏற்பாடு செய்தாள்: அவரவர் சீட்டு அவரவர்க்கு, ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது, ஆடிப்பெருக்கன்று எல்லோரும் எடுத்து வந்து ஆற்றில் விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தண்டோரா போட்டுச் சொன்னாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூட்டு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன என்று கேட்பதுதானே மனுஷப் புத்தி.

மாசிலாமணியின் மனைவி தையல்நாயகிக்கும் சீட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் ஒன்றையும் காட்டவில்லை, காட்டு என்று அவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, இந்த வீட்டில் மண்வெட்டியைத் தவிர வேறு எது இருக்க முடியும். இருந்தாலும் பத்துச் சீட்டும் சேர்ந்தால் தன்னுடையதோடு சேர்த்து இருபத்தொன்று என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கட்டில்மேல் வரிசையாகப் பிரித்து வைத்தார்.

குடை. குடை. குடை. மண்வெட்டி. குடை. அதற்கப்புறம் கடைசிவரைக்கும் குடை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினார். ஒன்பது குடை, ஒரு மண்வெட்டி. ஓட்டு எண்ணுகிற இடத்தில் ஆயிரம் சீட்டைப் பார்த்துப் பழகிய கண், அது பொய் சொல்லாது. எண்பதாம் வருஷத்துச் சீட்டில் மட்டும் மண்வெட்டியின் மேல் முத்திரை விழுந்திருந்தது, அதுவும் சாதாரணமாக இல்லை, காகிதம் பொத்துப்போகிற அளவுக்கு அழுத்தி விழுந்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது மாசிலாமணிக்கு. கட்டிலிலேயே உட்கார்ந்தார். அறுபத்தைந்தில் கல்யாணம், அறுபத்தேழில் முதல் ஓட்டு, அன்றைக்கே குடை. பால் காய்ச்சிய பாத்திரத்தின் சூடு ஆறுவதற்கு முன்னாலேயே குடை.

குடை என்றால் ராஜரத்தினம். அறுபத்தேழு முதல் தொண்ணூற்றொன்பது வரை குடைச் சின்னத்தில் நின்றவர் அந்த ஒரே ஆள்தான். சுருட்டை முடி, வெள்ளை ஜிப்பா, கை கூப்பினால் பெண்கள் ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எழுபத்தொன்றில் இதே வீட்டு வாசலுக்கு வந்து, எதிர்க்கட்சிக்காரன் வீடு என்று தெரிந்தே வந்து, தண்ணீர் கேட்டார், தையல்நாயகி செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் அண்ணாந்து குடித்தார், தண்ணீர் தொண்டையில் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அதை மாசிலாமணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து இன்றைக்கு அந்தத் தண்ணீர் ஒவ்வொரு மடக்காக அவர் வயிற்றில் இறங்கி நெருப்பாக எரிந்தது.

அன்றிலிருந்து அவர் மனைவியோடு பேசவில்லை. வீட்டில் மாட்டியிருந்த மழைக்குடையை எடுத்துக்கொண்டுபோய் இஸ்திரி வண்டிக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டு, ஆனித் தூறலில் நனைந்துகொண்டே வந்தார். அவள் தலை பின்னினால் யாருக்கு என்று பார்த்தார். அவள் ரேடியோ வைத்தால் அந்தப் பாட்டு எந்த வருஷத்துப் பாட்டு, அந்த வருஷம் யார் ஜெயித்தார் என்று கணக்குப் போட்டார். பொறாமைக்கு வயசு கிடையாது, முட்டி வலிக்கிறது, கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஒன்பது சீட்டையும் அவரால் பார்க்க முடியவில்லை, பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பத்தாவதை, அந்த எண்பதாம் வருஷத்து மண்வெட்டியை மட்டும் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டு அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு வருஷமாவது தன்னை நினைத்திருக்கிறாள், காகிதம் கிழிகிற அளவுக்கு நினைத்திருக்கிறாள். அந்த வருஷம் மண்வெட்டி ஜெயித்தது, எம்.பி.யான ஆதிமூலத்துக்கு உதவியாளாக மாசிலாமணி டில்லிக்குப் போனார், கம்பளிக் கோட்டெல்லாம் போட்டார், வருஷத்துக்கு இரண்டு தரம்தான் ஊருக்கு வந்தார், அவர் வாழ்க்கையின் பொற்காலம் அதுதான். பெண்டாட்டி போட்ட ஓட்டில் வந்த பொற்காலம் என்று நினைத்து நினைத்து ஆறுதல் பட்டார்.

ஆறுதல் இரண்டு நாளைக்குமேல் தாங்கவில்லை. ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு தெற்கு வீதிக்குப் போய் ராஜரத்தினத்தின் வீட்டு வாசலில் நின்றார். சுருட்டை முடியெல்லாம் போய், சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர் கிடந்தார்.

"யாருய்யா அது?"

"மாசிலாமணி. மண்வெட்டி."

"அடடே, எதிரியா! வாய்யா, உக்காரு. எதிரிங்கதான்யா இப்ப வந்து பாக்கிறீங்க."

மாசிலாமணி உட்காரவில்லை. "ஐயாவுக்குத் தையல்நாயகியத் தெரியுமா?"

"எந்தத் தையல்நாயகி?"

"எங்க வீட்டுல. உங்களுக்கு ஒம்பது தடவ குத்தியிருக்கா."

ராஜரத்தினம் மோட்டுவளையைப் பார்த்தார். "ஒரு தேர்தலுக்கு ரெண்டு லட்சம் பேரு குத்தினாங்கய்யா. ஒரு முகம் ஞாபகமில்ல." "உன் சம்சாரம் இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா."

"எம் பொண்டாட்டி போயி ஏழு வருஷம். அவ சீட்டு அத்தனையும் இடுகாட்டுல வந்து தொங்கியிருக்கு. நான் கோல ஊணிக்கிட்டுப் போயிச் சேர்றதுக்குள்ள ஆடு தின்னுட்டுது. எனக்குக் குத்தினாளா, உங்க ஆதிமூலத்துக்குக் குத்தினாளா, இனி எந்தச் சாமிய்யா வந்து சொல்லும்? நீ வீட்டுக்குப் போனா கேட்டுக்கலாம். உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, போய்யா."

மாசிலாமணி வந்த வழியே திரும்பினார். நிம்மதி வரவில்லை. அவளுடைய ஒன்பது ஓட்டை வாங்கித் தின்றவன் அவளை நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லையே என்று, இப்போது அதற்கும் சேர்த்து ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாமி மாடத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். இருபது நாளைக்கப்புறம் வாய் திறந்தார்.

"ஏ தையலு. இங்க வா. அந்த ராஜரத்தினத்து மேல ஒரு நாளும் எனக்கு மனசு போனதில்லன்னு இத அணைச்சு சத்தியம் பண்ணு."

தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது எரிந்து எரிந்து தானாக அணைந்து தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் விழுகிறவரைக்கும் நின்றாள்.

"ஒருக்கா பண்ணிட்டேங்க" என்றாள். "ரெண்டாவது தரம் கை நீளாது."

"எப்பப் பண்ணுன?"

"நெசமாவே ஞாபகம் இல்லையா?" என்று கேட்டாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் மாசிலாமணி நினைத்தார். மடியில் கனம் இல்லாதவள் இப்படி ஓடுவாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. தொகுதி முழுக்கவும், அதாவது ஒரு காலத்தில் தொகுதியாக இருந்த இடம் முழுக்கவும், டிராக்டரிலும் மாட்டுவண்டியிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்கியது, மூன்று தொகுதியாகப் பிரிந்துபோனவர்கள் கடைசியாக ஒரு தரம் ஒரே கரையில் நின்றார்கள். பெண்கள் ஒரு படித்துறையில் காப்பரிசி வைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இன்னொரு படித்துறையில் சீட்டுகளைத் தண்ணீரில் விட்டார்கள். சிலர் சூடம் காட்டி விட்டார்கள், சிலர் திட்டிக்கொண்டே விட்டார்கள், பிச்சைக்கண்ணு சாக்கோடு கொண்டுவந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினான். நாற்பத்தேழு வருஷத்து மண்வெட்டியும் குடையும் கலந்து, ஆறு வெள்ளை வெளேரென்று போனது.

மாசிலாமணி தன்னுடைய பதினொன்றையும் விட்டார். பிறகு தையல்நாயகியின் சீட்டுகளை எடுத்தார். காலையில் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டவை. முழங்கால் தண்ணீரில் நின்று, பழைய தொண்டையை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விட்டெறிந்தார்.

"செல்லாது, தள்ளு. செல்லாது, தள்ளு. செல்லாது."

ஒன்பதையும் தள்ளி முடித்தபோது நெஞ்சில் ஏறியிருந்தது கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. கரையேறியபோது தையல்நாயகி புது மஞ்சள் கயிறோடு எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"உன்னோட ஒம்பதையும் விட்டுட்டேன்" என்றார். "போவட்டும். உன்ன நான் மன்னிச்சுட்டேன்." பையிலிருந்து அந்தப் பத்தாவதை எடுத்து, கிழிந்த இடம் மேலும் கிழியாமல் பிரித்து அவளுக்குக் காட்டினார். "இது ஒண்ணு போதும் எனக்கு. எண்பதாம் வருஷம். இந்த ஒரு தடவையாவது என்னைய நெனச்சுக் குத்தினல்ல, நான் சாவுறவரைக்கும் இத வச்சுக்குவேன்."

தையல்நாயகி அந்தச் சீட்டைப் பார்த்தாள்.

"உங்கள நெனச்சுத்தாங்க குத்தினேன்" என்றாள். "அதுக்கு முந்துன புரட்டாசி. எங்க மாமன் மவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். வந்தவனுக்குச் சோறு போட்டேன். நீங்க அய்யனார் கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, பதினோரு பேருக்கு முன்னாடி, உள்ளங்கையில கற்பூரம் வச்சு அணைக்கச் சொன்னீங்க. ஒரு மாசம் எடது கையால சோறு தின்னேன். மார்கழில தேர்தல் வந்துச்சு. மண்வெட்டி ஜெயிச்சா ஆதிமூலம் உங்கள டில்லிக்குக் கூட்டிப் போறாருன்னு ஊரே பேசிக்கிட்டுது. இந்த மனுஷன் என் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போவட்டும்னு குத்தினேன். போனீங்க. அந்த அஞ்சு வருஷம் நான் நல்லாத் தூங்கினேன்."

மாசிலாமணிக்கு அய்யனார் கோயில் ஞாபகம் வந்தது, அந்தப் பதினோரு பேரும் ஒவ்வொருத்தராக ஞாபகத்துக்கு வந்தார்கள். கையிலிருந்த சீட்டைக் கீழே போடவும் முடியாமல் பைக்குள் வைக்கவும் முடியாமல் நின்றார்.

"அப்ப அந்த ஒம்பது?" என்று கேட்டார்.

"மண்வெட்டி ஜெயிச்சா நீங்க கட்சி ஆபீஸே கதின்னு கெடப்பீங்க. தோத்தா வீட்டுக்கு வருவீங்க. கடலைக்காட்டுக்குக் கூட வருவீங்க, வழியில ஏதாவது பேசிக்கிட்டு வருவீங்க. அந்தப் பேச்சுக்காவத்தான் குடையில குத்தினேன். ராஜரத்தினம் கறுப்பா செவப்பான்னு யாருக்கு வேணும்?"

"எண்பத்து நாலுலயுமா? அத்தன கோவத்துக்கப்புறமுமா?"

"அஞ்சு வருஷத்துல கோவம் தீந்துபோச்சு. வந்து சேருங்கன்னு குத்தினேன்."

கட்சி என்கிற சக்களத்தியோடு முப்பத்திரண்டு வருஷம் இவள் தனியாகச் சண்டை போட்டிருக்கிறாள், தனக்கு அது தெரியாமலே போய்விட்டது. மாசிலாமணி திரும்பி ஆற்றைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் கரையோரமாக ஓடினார், மதகுக்குப் பக்கத்தில் சீட்டுகள் ஒதுங்கிச் சுழன்றுகொண்டிருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். "ஏங்க, வேணாங்க, இழுப்பா இருக்கு, மேல வாங்க" என்று தையல்நாயகி கரையில் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். தாழையூர்ப் பெண்களுக்கெல்லாம் மை ஒட்டாமல் ஓட்டுச் சீட்டை மடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் ஆனபடியால் எல்லாச் சீட்டும் ஒரே மடிப்பாக இருந்தன. அவர் கைகொண்ட மட்டும் அள்ளினார், பிரித்தார், விட்டார், மறுபடி அள்ளினார். குடைக்குக் குறைச்சலே இல்லை. எல்லாம் வேறு யாரோ வேறு யாருக்காகவோ குத்திய குடையாக இருந்தது.